கல்லாவில் விழாத லைக்

சமூக ஊடகத்தில் இல்லாத கடை சீக்கிரம் மூடப்படும் என்று நம் வணிகர் சங்கத்தின் மாத இதழில் சென்ற முறை ஓர் ஆலோசகர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில். இரண்டாம் தடவை, சரக்கு எண்ணுகிற பழக்கத்தில், கையில் பென்சிலோடு. 'எங்கேஜ்மென்ட்' பதினேழு இடத்தில் இருக்கிறது. 'ரீச்' பதினொன்று. 'பிராண்ட்' என்ற சொல்லை நான்காம் பத்தியோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். 'சேலை' இரண்டே இடம். 'லாபம்' ஒரே இடம், அதுவும் ஆலோசகர் தன் நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிற பத்தியில். 'பாக்கி', 'ரிட்டர்ன்', 'சாயம்' மூன்றும் பூஜ்யம். ஜவுளிக்காரர்களுக்கு என்று எழுதிய கட்டுரையில் பாக்கி என்ற சொல்லே வரவில்லை என்றால், எழுதியவர் ஜவுளிக்கடையில் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. ஏசி இருக்கிற பக்கம்.

அவர் வாதத்தைக் கிள்ளிப் போட்டு அடிக்க எனக்கு விருப்பமில்லை. முழுசாகவே சொல்லிவிடுகிறேன். தினம் மூன்று பதிவு போட வேண்டுமாம். பின்தொடர்கிறவர்தான் இனி வாடிக்கையாளராம். உறவு என்பது இனி திரையில்தான் வளருமாம். விலையை வெளியே சொல்லாமல் இன்பாக்ஸுக்கு இழுக்க வேண்டுமாம். குறை சொல்லி வருகிற கருத்தை உடனே மறைத்துவிட்டு, ஆளைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டுமாம். ரீல்ஸ் போடுகிற பிள்ளைகளுக்குச் சேலையை இலவசமாகக் கொடுத்து, தாங்களே காசு போட்டு வாங்கியது போலப் பேசவைக்க வேண்டுமாம். இத்தனைக்கும் சாட்சி இரண்டு: ஒன்று தறி ஊரான இளம்பிள்ளை, இன்னொன்று உணவுச் செயலி ஜொமேட்டோ.

முதலில் கணக்கு. போன தீபாவளிக்கு என் மகன் ஆறாயிரம் ரூபாய் கட்டி ஒரு நிமிஷ வீடியோ ஒன்றை ஓடவிட்டான். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தான். நான் கேட்டது ஒன்றுதான்: எத்தனை பில்? விசாரித்தவர்களில் பாதிப் பேர் நம் கூரியர் பையன் வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்க்காரர்கள். ஒருவர் சேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. பின்னால் ஓடுகிற பாட்டு எந்தப் படம் என்று கேட்டிருந்தார். வீடியோ பார்த்து வந்தோம் என்று கடைக்குள் வந்து சொன்னவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் இருபது வருஷமாக நம்மிடம் எடுக்கிறவர்கள். "அண்ணா, உங்களை போன்ல பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு வழக்கமாக எடுப்பதையே எடுத்துப் போனார்கள். மீதி ஏழு. ஆறாயிரத்தை ஏழால் வகுக்கிற வேலையை ஆலோசகரிடமே விடுகிறேன். மைசூர்பாகைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு தடவை போட்டுவிட்டுப் பேசினால் எப்படி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி விடாமல் பாய்ச்ச வேண்டாமா என்பார். கட்டுரையிலேயே அந்த உவமை இருக்கிறது. உவமையில் குறை இல்லை. வயல் யார் பேரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மாரியம்மன் பண்டிகைக்குத் தரைக்கடை போட்டவர்களுக்கு இது புரியும். புதிதாகச் சந்தை கூட்டுகிறவன் முதல் வருஷம் தரைவாடகை கேட்க மாட்டான். வாங்க வாங்க என்பான். கடைக்காரன் தன் வாடிக்கையை அங்கே வரச் சொல்லிப் பழக்குவான். கூட்டம் பழகிய பிறகு ஒரு வருஷம் கயிறு கட்டி, உள்ளே போக ஒரு சீட்டு, முன்வரிசைக்கு ஒரு சீட்டு என்று ஆரம்பிப்பான். ஃபேஸ்புக் செய்தது இதைத்தான். 2007இன் கடைசியில் வணிகர்களுக்கென்று பக்கங்களைத் திறந்துவிட்டது. 2012இல், ஒரு பக்கத்தின் பதிவு அந்தப் பக்கத்தை விரும்பியவர்களில் சராசரியாக 16 சதவீதம் பேரைத்தான் எட்டுகிறது என்று அந்த நிறுவனமே சொன்னது. 2014 பிப்ரவரியில் ஓகில்வி விளம்பர நிறுவனம் தான் பார்த்த பக்கங்களைக் கணக்கெடுத்தபோது அது 6 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு மேல் விருப்பம் வாங்கிய பெரிய பக்கங்களுக்கு 2 சதவீதம். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஸுக்கர்பெர்க் ஒளிவுமறைவில்லாமலே அறிவித்தார்: இனி நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்குத்தான் முதலிடம், வணிகப் பதிவுகள் குறையும் என்று. அப்படியானால் வணிகர் என்ன செய்வது? காசு கட்டுவது. 2023இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. இத்தனை கணக்கும் பொதுவில் கிடக்கிறது. உறவு வளர்க்கச் சொல்கிற கட்டுரையில், அந்த உறவுக்கு வாசலில் நின்று சீட்டுக் கிழிக்கிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

எண்ணிக்கையாவது நம்பகமானதா? வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருஷமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று அதே நிறுவனம் 2016இல் ஒப்புக்கொண்டது. என் கடையில் துணி அளக்கிற மீட்டர் கோலுக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அரசாங்க முத்திரை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். இங்கே கோலும் அவர்களுடையது, அளப்பதும் அவர்கள், முத்திரையும் அவர்களே குத்திக்கொள்வது. அதில் அளந்து காட்டிய ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை நான் நம்ப வேண்டும்.

பின்தொடர்கிறவர்கள் கடையின் சொத்து என்று வேறு எழுதுகிறார். 2020 ஜூன் 29 அன்று ராத்திரி டிக்டாக் உள்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை போட்டது. தடை சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் எழுந்தபோது ஒருவருடைய பெயரும் எண்ணும் அவர்கள் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டதும் நினைவிருக்கும். அன்று என் கடைப் பற்றுவரவு நோட்டு திறந்தபடிதான் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக இன்னொருவர் பூட்டிவிடக்கூடியதைச் சொத்து என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

இனி இளம்பிள்ளை. தறிக்காரர் தானே வீடியோ போட்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நேரே விற்கிறார், இடைத்தரகர் ஒழிந்தார் என்று ஆலோசகர் உருகுகிறார். நான் மாதம் இரண்டு தடவை இளம்பிள்ளைக்குக் கொள்முதலுக்குப் போகிறவன். தறிக்காரர் காலையில் உட்கார்ந்தால் ராத்திரி எழுகிறவர். வீடியோவில் சேலையை ஒவ்வொன்றாக உதறிப் போட்டு "ஃப்ரெண்ட்ஸ், இது லிமிடெட் பீஸ்" என்று பேசுகிற பையன் அவர் இல்லை. பெரும்பாலும் மொத்தக் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறவன். அந்தப் படத்தை ஒரு ரீசெல்லர் எடுத்துத் தன் குழுவில் போடுவார், நூறு ரூபாய் ஏற்றி. அந்தக் குழுவிலிருந்து இன்னொருவர், இன்னொரு நூறு. சரக்கைக் கையில் தொட்டவர் யாரும் இல்லை. இடைத்தரகர் ஒழியவில்லை, ஒருவர் இருந்த இடத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐந்து பேருக்கும் சேலையின் எடை தெரியாது.

போன ஆவணியில் ஒரு அம்மா மகளோடு வந்தார். போனை நீட்டினார். "இதே மாதிரி வேணும்ங்க." மயில்கழுத்து நிறம், அன்னப்பட்சி பார்டர். அதே படம் அவருக்கு மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. மூன்று விலை: 950, 1,150, 1,400. அதே சேலை என் அலமாரியில் இருந்தது. எடுத்து விரித்தேன். "இது இல்லைங்க, அது நல்லா நீலமா மின்னுது." ட்யூப்லைட்டில் நிறம் மாறும் என்று வாசலுக்குக் கூட்டிப் போய் வெயிலில் பிடித்துக் காட்டினேன். பார்டரில் இருக்கிற பட்சிகளை வரிசையாக எண்ணிக் காட்டினேன், படத்திலும் இங்கேயும். அப்புறம்தான் நம்பினார். எடுத்தாரா என்றால், இல்லை. படத்தில் இருக்கிற நீலம்தான் வேண்டும் என்று மகள் அடம். போன் வெளிச்சத்தில் எல்லாச் சேலையும் முகூர்த்தப் பட்டுதான். அந்த நீலத்தை உலகத்தில் எந்தத் தறியிலும் நெய்ய முடியாது.

விலை இன்பாக்ஸில் என்ற கலைக்கு வருகிறேன். ஒரு சேலைப் படத்துக்குக் கீழே நாற்பது பெண்கள் 'பிபி', 'பிபி' என்று விலை கேட்டு நிற்கிறார்கள். கடை ஒவ்வொருவருக்கும் 'இன்பாக்ஸ் பாருங்க' என்று பதில் போடுகிறது. இதனால் பதிவின் மதிப்பு ஏறும், தளம் இன்னும் நாலு பேருக்குக் காட்டும் என்கிறார் ஆலோசகர். இருக்கலாம். ஆனால் கடைக்கு வருகிற நாற்பது பெண்களை வாசலில் நிறுத்தி, ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே ஒரு விலை சொன்னால் அந்தக் கடைக்கு நம் ஊரில் என்ன பேர் என்று அவருக்குத் தெரியாதா? நம் தகப்பன்மார் 'ஒரே விலை' என்று பலகை எழுதி மாட்டியதற்குக் காரணம் இருந்தது. மின்வணிகத்துக்கென்று 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் விற்பவர் மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஆலோசகர் விதியையும் படிக்கவில்லை, பலகையையும் படிக்கவில்லை.

ரீல்ஸ் பிள்ளைகளுக்கு இலவசச் சேலை என்ற யோசனையில் இன்னும் ஆபத்து. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் இது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலேயே வழிகாட்டுதல் போட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அதையே சொன்னது. தவறாக வழிநடத்துகிற விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை. சொந்தக் காசில் வாங்கியது போலப் பேசச் சொல்லிக்கொடுக்கிற ஆலோசகர், நோட்டீஸ் வந்தால் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றும் கட்டுரையின் கீழே அச்சிட்டிருக்கலாம்.

குறை சொல்கிறவரை மறைத்துவிட்டுத் தனியே கூப்பிடச் சொல்கிறாரே, அதைப் படித்தபோதுதான் பென்சிலைக் கீழே வைத்தேன். ஆடித் தள்ளுபடி நேரம். கடையில் நிற்க இடமில்லை. ஒரு அக்கா ஈரப் பையோடு உள்ளே வந்தார். ஒரே அலசலில் சாயம் போய், சிவப்புப் பார்டர் உடம்பெல்லாம் படிந்த சேலையைக் கல்லா மேலேயே விரித்தார். தண்ணீர் பில் புத்தகத்தில் இறங்கியது. கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. அவர் குரல் வேறு தெரு வரைக்கும் கேட்கும். ஆலோசகர் இருந்திருந்தால் அக்காவை மெதுவாகக் குடோன் பக்கம் நகர்த்தியிருப்பார். நான் சேலையை எல்லோரும் பார்க்கவே தூக்கிப் பிடித்து, "தப்பு எங்க மேலதான்" என்று சொல்லி, வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ரகத்தில் மிச்சமிருந்த ஒன்பது சேலையையும் அலமாரியிலிருந்து இறக்கிக் கட்டிப் போட்டோம். நஷ்டம் எனக்கு நன்றாகவே உறைத்தது. ஆனால் அன்று பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் மூன்று பேர் அதற்குப் பிறகு கல்யாண ஜவுளிக்கு என்னிடம்தான் வந்தார்கள். அந்த ஈரச் சேலையை நான் இன்பாக்ஸுக்குள் தள்ளியிருந்தால் அந்த மூன்று பில் எனக்கு இல்லை.

ஜொமேட்டோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. அந்த நிறுவனம் எவ்வளவு நகைச்சுவையாகப் பதிவு போடுகிறது, வாடிக்கையாளரோடு நண்பன் மாதிரி பேசுகிறது பாருங்கள் என்கிறார். பார்த்தோம். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வராத பண்டத்துக்குப் பணம் திரும்பக் கேட்டார். உதவிப் பிரிவில் இருந்தவர், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். அந்த உரையாடல் ட்விட்டரில் ஏறியதும் நாடு முழுக்க அதே பேச்சு. நிறுவனம் தமிழில் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது, ஊழியரை நீக்கிவிட்டோம் என்றது, சில மணி நேரத்தில் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்றது. கோவையில் உதவி மையம் அமைக்கிற ஏற்பாடு நடப்பதாகவும் அந்த அறிக்கையில் இருந்தது. அத்தனை வருஷ நகைச்சுவையும் அன்று ஒரு பைசாவுக்கு உதவவில்லை. உறவு தொங்கிக்கொண்டிருந்தது பதிவு எழுதுகிற கெட்டிக்காரர் கையில் இல்லை. குறைந்த சம்பளத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிற ஒருவர் வாயில். அந்த இடத்தில் வாடிக்கையாளர் பேச்சு புரிகிற ஒரு ஆளைப் போடுவதற்கு முன்பே சிரிப்பு எழுதுகிறவரைப் போட்டுவிட்டார்கள். ஆலோசகர் நம்மையும் அதே வரிசையில் ஆள் எடுக்கச் சொல்கிறார்.

தினம் மூன்று பதிவு போடாவிட்டால் ஜனங்கள் மறந்துவிடுவார்களாம். நம் வீட்டுச் சமையலறைக் கதவில் தொங்குகிற தினசரி காலண்டரை அவர் பார்த்ததில்லையா? சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வெளிவரும். நான் புரட்டாசிக்குள் ஆர்டர் கொடுத்துவிடுவேன். அட்டையில் முருகன், கீழே கடைப் பேர். ராகு காலம் பார்க்க, கௌரிப் பஞ்சாங்கம் பார்க்க, பால் கணக்கு கிறுக்க, வருஷம் முழுக்க அந்த வீட்டுக்காரர் என் கடைப் பேருக்கு முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். இதில் எத்தனை பேருக்குக் காட்டலாம் என்று யாரும் நடுவில் தீர்மானிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் "எங்க வீட்டுக்கு இன்னும் காலண்டர் வரலையே" என்று போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார்களே, அதற்கு ஆலோசகர் அகராதியில் என்ன பேர்? தாராளமாக 'எங்கேஜ்மென்ட்' என்றே வைத்துக்கொள்ளட்டும்.

போன் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கடை அட்வான்ஸுக்குப் பணமில்லாத பெண்கள் வீட்டிலிருந்தே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து, கேக் செய்து, போன் வழியாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். அவர்களுக்கு இது கடை வாசல்தான், அதில் மறுப்பு இல்லை. அவர்களில் யாரும் தினம் மூன்று பதிவு போடவில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் போடுகிறார்கள், சொன்ன நாளில் கொடுக்கிறார்கள். என் கடையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. பெங்களூருக்குப் போய்விட்ட வாடிக்கையாளருக்கு வீடியோவில் சேலை காட்டுவோம். காட்டுகிற இடம் வாசல், நேரம் காலை பதினோரு மணிக்கு முன்னால். உச்சி வெயிலில் பச்சை வெளுக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. சேர்த்தவர்களிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் பேர் போட்டுச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புது ரகம் வந்ததும் 230 பேருக்கு அனுப்புவேன். 171 பேருக்கு இரண்டு டிக் விழும். அந்த 171தான் இந்தக் கடையின் உண்மையான கணக்கு. அதைக் காசு கொடுத்து ஏற்ற முடியாது. ஆலோசகருடைய பத்தாயிரம் பின்தொடர்வோரில் எத்தனை பேர் அவர் எண்ணைப் பேர் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த இதழில் எழுதினால், நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறத் தயார்.

சென்ற மாதம் ஒரு அம்மா சேலை பார்த்துக்கொண்டே தன் போனைத் தொலைத்துவிட்டார். என் போனிலிருந்து அழைத்தேன். விரித்துப் போட்ட குவியலுக்கு அடியில் மணி அடித்தது. தோண்டி எடுத்தால் திரையில் என் பேரும் இல்லை, கடைப் பேரும் இல்லை. 'மாம்பழக் கலர் அண்ணன்' என்று இருந்தது. அவர் தங்கை கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் ஒரு பட்டு வேண்டும் என்று நான் சேலத்துக்கும் ஆரணிக்கும் அலைந்தது எனக்கே மறந்துபோன கதை. அன்று இரண்டு சேலை எடுத்தார். ஆயிரத்து நூறு பாக்கி. ஐப்பசியில் தருவார்.